வட்டார லீக்கில் ஒரு லெஃப்ட் பேக்

மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் ஃபியூஸ் போனால் இன்னமும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் மட்டும் யாரும் தட்டமாட்டார்கள். ஒரு தடவை தட்டிய பக்கத்து வீட்டுக்காரரை நான் திட்டிய திட்டில் தெருவே அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

அந்த நேரத்தில் நான் ஆஸ்திரியாவில் இருப்பேன். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கால்பந்து கிளப்பின் மைதானம். ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னால் தேவாலயக் கோபுரம். கிளப்பில் யாரோ ஒரு கம்பத்தில் ஒரே ஒரு கேமராவைக் கட்டி, மேட்சை இணையத்தில் விடுவார்கள். வெயில் அடித்தால் வெள்ளையாகத் தெரியும், மழை பெய்தால் ஒன்றும் தெரியாது. உடம்பு இங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் கிடக்கும், கண் மட்டும் போனுக்குள் போய்விடும். என் மகன் அங்கே லெஃப்ட் பேக்.

என் மகன் அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில், அவன் அம்மா சொல்தா வீட்டுப் பெண் என்பதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். என் மாமனார் அப்படிப்பட்டவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும், அவர் காலையில் சாப்பிட்டது என்னவோ பழைய சோறும் சுட்ட கருவாடும்தான். அவர் வழியில் என் மனைவிக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், அவள் வழியில் மகனுக்கும். எனக்குக் கிடையாது. கேட்டுப் போகவுமில்லை. மகன் முதலில் பாரிஸில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தான், பிறகு ஒரு நண்பனோடு ஆஸ்திரியாவுக்குப் போய் ஒரு மர அறுவை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மாதமே மைதானத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டான். இடது கால்காரன். இடது கால்காரனை எந்த ஊர்க் கிளப்பும் வேண்டாம் என்று சொல்லாது.

"மலைக்குள்ள ஒரு திருநள்ளாறுப்பா இது" என்றான் ஒரு நாள். "சனிக்கெழமயானா கூட்டம், மத்த நாள்ல காக்கா குருவி கெடயாது."

நாட்டில் மூன்றாவது படியில் இருக்கும் வட்டார லீக் அது. ஆடுகிறவர்களுக்கு எல்லாம் வேறு பிழைப்பு உண்டு. கோல்கீப்பருக்கு இறைச்சிக்கடை. கேப்டன் எலக்ட்ரீஷியன், அதனால் அவனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கும். அவன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் படம் ஒன்றை மகன் அனுப்பினான். பெல்ட்டைச் சரியாக மாட்டியிருக்கிறானா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மாட்டியிருந்தான். புல்லை முறைவைத்து வெட்டுவார்கள். கேன்டீனில் சமைப்பது ஆட்டக்காரர்களின் அம்மாக்களும் மனைவிகளும். மேட்ச் முடிந்ததும் ஜெயித்தவன் தோற்றவன் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்பார்கள். ஒவ்வொரு மேட்சுக்கும் பந்தை ஊர்க்காரர் யாராவது வாங்கித் தர வேண்டும், அவர் பெயரை ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். ஒரு வாரம் ரொட்டிக்கடைக்காரர், ஒரு வாரம் பல் டாக்டர். ஒரு தடவை சவப்பெட்டிக் கடைக்காரர்கூட வாங்கிக் கொடுத்தாராம். நானும் என் மனைவியும் அன்று சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை.

அவளுக்குக் கால்பந்து ஒன்றும் புரியாது. இருபத்திரண்டு பேரில் எவன் தன் பிள்ளை என்று கேட்பாள், காட்டுவேன், அதற்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவே மாட்டாள். அவன் நின்றால் நிற்கும், ஓடினால் ஓடும், அவள் கண் அவன்மேலேயே இருக்கும். "கோல் விழுந்துடுச்சு" என்பேன். "யாருக்கு?" என்பாள். "கண்ணு எங்க வச்சிருக்க?" என்று கத்துவேன். அவள் கண்ணை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கத்துவேன். என் குணம் அது.

நானும் ஆடினவன்தான். மின்துறையில் எனக்கு வேலை கிடைத்ததே பந்தால்தான் என்று ஊரில் சொல்வார்கள், அதில் பாதி உண்மை. எங்கள் டீமுக்கு ஆறு வருடம் நான் கேப்டன். எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. மேட்ச் அன்றைக்கு ஆட்டக்காரன் காதில் வீட்டு விஷயம் விழக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் விசிலுக்குப் பிறகுதான். யார் வந்து சொன்னாலும் என்னிடம் சொல்ல வேண்டும், நான் வைத்திருந்து சொல்வேன். அந்தச் சட்டத்தால் நாங்கள் ஜெயித்த ஒரு ஃபைனலைப் பற்றி நான் பேசாத டீக்கடை காரைக்காலில் இல்லை.

எங்கள் சென்டர் ஃபார்வர்ட் திருமலைராயன்பட்டினத்துக்காரன். ஃபைனல் அன்று மதியம் அவனுடைய வாப்பா இறந்துவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் சைக்கிளில் சேதி கொண்டு வந்தார். நான் அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய் டீக்கடையில் உட்காரவைத்தேன். ஆட்டம் முடிந்தது, ஒன்றுக்குப் பூஜ்யம், கோல் அவனுடையது. கப்பை வாங்கின கையோடு சொன்னோம். சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாப்பாவின் மையத்தை அடக்கம் செய்ய மையவாடிக்கு எடுத்துப்போய்விட்டார்கள். மூன்று பிடி மண் போட நேரம் இருந்தது. "வாப்பாவுக்காக அடிச்ச கோலு" என்று ஊரே சொன்னது. நாற்பது வருடமாக நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம் மகனுடைய கிளப் லீக்கை விட்டுக் கீழே இறங்கும் நிலையில் இருந்தது. கடைசி மேட்ச். ஜெயித்தால் நிற்கும், இல்லாவிட்டால் நான்காம் படி. வழக்கமான சனிக்கிழமையில்லை, ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்குக் காலை பத்தரை, நமக்கு மதியம் இரண்டு மணி. அந்த வாரம் வியாழக்கிழமை என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மருந்தில் வடிந்துவிடும் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். மகனிடம், "காய்ச்சல்தான், மேட்ச முடிச்சிட்டுக் கூப்புடு, அம்மா நல்லாத்தான் இருக்கா" என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அவள் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பிகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்போல இருக்கு. போன் போடுங்க."

அங்கே காலை ஏழரை. மகன் எழுந்திருப்பான். போன் என் சட்டைப் பையில் இருந்தது. பையில் கைகூட வைத்தேன். பிறகு எடுக்கவில்லை.

"இன்னும் செத்த நேரத்துல கிரவுண்டுக்குக் கெளம்பிடுவான். ஒன் கொரலக் கேட்டா கலங்கிப் போயிடுவான். இன்னிக்கி எவ்ளோ பெரிய மேட்ச் தெரியுமா? சாயங்காலம் ஆற அமர பேசு" என்றேன்.

"சரி" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "சாப்ட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அதையாவது செய்திருக்கலாம். ஒரு வரி தட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒரு வரி அனுப்பினால் அவன் உடனே கூப்பிடுவான் என்று நினைத்தேன். போனை எடுத்து, எதையோ தட்டுவதுபோல் விரலை ஆட்டினேன். "சாப்ட்டானாம்" என்றேன்.

"என்ன சாப்ட்டானாம்?"

"ரொட்டியும் முட்டையும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு மணிக்கு மேல் நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார், என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிட்டது.

என் மைத்துனன், அவளுடைய தம்பி, வந்து சேர்ந்தான். வண்டி பிடிக்க, கையெழுத்துப் போட, ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல என்று அவன்தான் ஓடினான். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "தம்பிக்குச் சொல்லியாச்சா அத்தான்?" என்றான். "மேட்ச் நடந்துகிட்டிருக்கு. முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். பையில் போன் ஒருதரம் அதிர்ந்தது. கோல் விழுந்து கிளப்பின் இணையப் பக்கத்தில் சேதி வந்தால் அப்படி அதிரும். எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம், நாம்தான் முன்னால். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் உள்ளே கிடக்கிறாள், எனக்குச் சந்தோஷம்.

நான்கு மணிக்கு அவனே கூப்பிட்டான். பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும், மேசையைத் தட்டுகிற சத்தம். "அப்பா, நின்னுட்டோம்பா! நின்னுட்டோம்! அம்மாகிட்ட குடுங்க, அம்மாகிட்ட குடுங்க!" என்று கத்தினான். நான் சொன்னேன். அந்தப் பக்கம் பாட்டு கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ அதட்டி நிறுத்தினார்கள்.

திங்கள் இரவு வந்து சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை காலை கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம்வரை இருந்தான். அவன் வாயிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. எப்போது சொன்னீர்கள், ஏன் தாமதம் என்று எதுவும் கேட்கவில்லை. அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று வந்தவர்களிடம் நான் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும் அன்று பெட்டியை மூடியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அன்னிக்கி காலைல எந்திரிச்சதும் அம்மாவுக்குப் போடலாம்னு போன கையில எடுத்தேம்பா. மேட்ச முடிச்சிட்டு நிம்மதியாப் பேசிக்கலாம்னு வச்சிட்டேன். அஞ்சு நிமிஷம்பா. அஞ்சு நிமிஷம் பேசியிருக்கலாம்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "வண்டி வந்துடுச்சு" என்றேன்.

ஜூலை கடைசியில் அங்கே புது சீசன் தொடங்கியது. முதல் மேட்ச் சொந்த மைதானத்தில். ஆட்டக்காரர்கள் நடு வட்டத்தைச் சுற்றி நின்றார்கள், எல்லார் கையிலும் கறுப்புப் பட்டை. மைக்கில் ஏதோ படித்தார்கள், நடுவில் என் மனைவியின் பெயர் வந்தது. அன்றைய பந்தை மகன் அவள் நினைவாக வாங்கிக் கொடுத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. மைதானத்தில் ஒரு சத்தமில்லை. ஓடைத் தண்ணீர் ஓடுவது கேட்டது. அவளை ஒரு தடவைகூடப் பார்க்காத இறைச்சிக்கடைக்காரனும் எலக்ட்ரீஷியனும் தலை குனிந்து நிற்கிறார்கள். நான் இங்கே கூடத்தில் எழுந்து நின்றேன். அழுதேன். வீட்டில் தனியாக இருப்பதில் அது ஒரு வசதி.

விசில் ஊதியது. லெஃப்ட் பேக்கில் வேறு எவனோ ஓடினான். மகன் கம்பிக்கு வெளியே, வீட்டுச் சட்டையில் நின்றிருந்தான்.

அடுத்த வாரமும் அவன் பெயர் பட்டியலில் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கேட்டால் கால் வலி என்றான். கால் வலிக்கு ஒரு கணக்கு உண்டு, எனக்குத் தெரியாதா? அக்டோபரில் ஒரு நாள் விடாமல் பிடித்துக் கேட்டேன்.

"விட்டுட்டேம்பா. பூட்ஸ மாட்டுனாலே அந்தக் காலைதான் ஞாபகம் வருது. அம்மா போன் பக்கத்துல காத்துட்டு இருந்திருப்பாங்க, நான் காலுக்கு டேப் சுத்திகிட்டு இருந்தேன். இனிமே என்னால முடியாது" என்றான்.

பந்தை விட்டவன் போனைப் பிடித்துக்கொண்டான். தினமும் காலை ஆலைக்குப் போனதும், வேலையில் இறங்குமுன் என்னைக் கூப்பிடுவான். எனக்குப் பத்தரை மணி. ஒரு நாள் தவறியதில்லை. மாத்திரை போட்டீர்களா, மழை பெய்கிறதா, மோட்டார் ஓடுகிறதா. அம்மாவிடம் பேசத் தவறியதை எல்லாம் என்னிடம் பேசித் தீர்த்தான். அந்த வயதில் ஊரில் இருக்கிற பிள்ளைகளே தகப்பனிடம் அவ்வளவு பேசமாட்டார்கள். தெருவில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பத்து மணிக்கே போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மணி அடிக்கும்போது எவ்வளவு சுகமாக இருக்குமோ, பேசி வைத்ததும் அவ்வளவு கேவலமாக இருக்கும். அவன் செய்யாத தப்புக்காக எனக்குக் கிடைத்த பிள்ளை அது.

சனிக்கிழமைகளில் மகன் இல்லாத டீமை நான் தொடர்ந்து பார்த்தேன். புது லெஃப்ட் பேக் வலது கால்காரன், பாவம், ஒவ்வொரு தடவையும் பந்தை மாற்றித்தான் உதைக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஆளை விட்டுவிடுவான். டீம் மறுபடி கடைசி மூன்று இடங்களுக்குள் போய்விட்டது. டிசம்பரில் பனிக்காக லீக்கை நிறுத்தினார்கள். அங்கே மார்ச் வரை ஆட்டம் கிடையாது.

ஜனவரியில் ஒரு நாள் பஸ் ஏறி திருமலைராயன்பட்டினம் போனேன். எங்கள் பழைய சென்டர் ஃபார்வர்ட் துபாயில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு வந்து அங்கே ஒரு பாத்திரக்கடை வைத்திருக்கிறான். நடந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அவனிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், ஆறுதல் மட்டுமில்லை, நீ செய்தது சரிதான் என்று ஒருவன் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தகுதி உள்ளவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

கடையில் ஆள் இல்லாத மதிய நேரம். எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டியும் முட்டையும்வரை. அவன் ஒரு எவர்சில்வர் குடத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நம்ம காலத்துல நாம அப்படித்தானே இருந்தோம்?" என்றேன் கடைசியில். "ஒனக்கு நான் அன்னிக்கிச் செஞ்சதத்தானே இப்பவும் செஞ்சேன்?"

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"மாப்ள, அந்த ஃபைனல் கதய நீ எங்க ஆரம்பிச்சாலும் நான் எந்திரிச்சுப் போயிடுவேன். நாப்பது வருசமா. நீ ஒரு நாளாச்சும் கவனிச்சிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீடுகள், டீக்கடைகள், ஒரு ரிட்டயர்மென்ட் விருந்து. அவன் ஒவ்வொரு தடவையும் எழுந்து போயிருக்கிறான். சிகரெட் பிடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

"வாப்பா மொகத்த நான் பாக்கல. அதாச்சும் அல்லாஹ் விதிச்சதுன்னு மனச தேத்திக்கிட்டேன். ஆனா அவங்க மையத்தா கெடக்கயில நான் கோல் அடிச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கிகிட்டு கிரவுண்ட சுத்தி ஓடுனேன் பாரு. அந்தச் சிரிப்ப என்ன பண்றது? நீ எனக்குச் சொல்லியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேன்ல?"

"அப்பவே ஏன்டா கேக்கல?"

"கப்பத் தூக்கி என் கையில குடுத்துட்டீங்களேடா. எப்படிக் கேக்குறது?" என்றான். குடத்தை அலமாரியில் ஏற்றிவிட்டு, "ஒன்ன நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீ வந்து சரியான்னு கேட்டதால சொல்றேன். சரியில்ல. ஒம் மவன் பந்த விட்டது ஒன் தப்புக்குப் பதிலா" என்றான்.

"சொன்னா அவன் எங்கூடப் பேச மாட்டான்."

"ஆமா, பேச மாட்டான்" என்றான் அவன். பொய்க்காவது பேசுவான் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். டீ வரவழைத்தான். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பத்தரைக்கு மணி அடித்தது. சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரே ஒரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றும். இப்படி மூன்று வாரம் திருட்டுத்தனமாக அனுபவித்தேன். பிப்ரவரியில் ஒரு காலை அவன், பயிற்சி தொடங்கிவிட்டது என்றும், கேப்டன் ஆலைக்கே வந்து கூப்பிட்டான் என்றும், வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். "அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சுப்பா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"தம்பி, அன்னிக்கி காலைல அம்மா ஒன்னக் கேட்டா" என்றேன்.

"என்னது?"

"பதினோரு மணிக்கு. ஒங்கூடப் பேசணும், போன் போடுங்கன்னா. நான்தான் போடல. மேட்ச் இருக்கு, சாயங்காலம் பேசிக்கன்னு சொன்னேன். நீ போன வச்சதுனால ஒண்ணும் ஆகல. நீ போட்டிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். தப்பு ஒன்னுது இல்ல."

ஆலையில் மரம் அறுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சரின்னா. சாப்ட்டானான்னு கேட்டுச் சொல்லுங்கன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன். ரொட்டியும் முட்டையும்.

"அன்னிக்கி நான் ஒண்ணும் சாப்டலப்பா" என்றான். "பயத்துல ஒண்ணும் எறங்கல." பிறகு போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பத்தரைக்கு மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மார்ச்சில் இரண்டாவது மேட்சின்போது பட்டியலில் கடைசிப் பெயர்களில், மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில், அவன் பெயர் இருந்தது. ஒருமுறைக்கு நான்கு முறை படித்தேன். எழுபதாவது நிமிடம் அவனை உள்ளே அனுப்பினார்கள். கேமரா தூரத்தில் இருந்தது, முகம் தெரியவில்லை. தேவையுமில்லை, இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து ஓடுகிற ஓட்டம் போதும். முதல் பந்தையே வெளியே அடித்தான். ஒன்பது மாதம் ஆடாத கால். கேப்டன் ஓடிவந்து அவன் தலையைத் தட்டிவிட்டுப் போனான். நான் என்னையறியாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "அதோ, அந்த ஓரத்துல நிக்கிறான் பாரு" என்றேன்.

ஏப்ரலில் அவன் முதல் பதினொன்றுக்குள் வந்துவிட்டான். அவன் கிராஸ் அடித்து இரண்டு கோல்கள் விழுந்தன. டீம் கடைசி மூன்றிலிருந்து மேலே ஏறியது. கிளப் பக்கத்தில் அவன் படம் போடுவார்கள், சில படங்களில் சிரித்துக்கொண்டுகூட இருந்தான். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் வருவதுதான். காயம் பட்டால் தெரியும், மஞ்சள் அட்டை வாங்கினால் தெரியும். ஆலையில் என்ன வேலை, என்ன சமைத்தான், தலைமுடி வெட்டினானா, ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை கடைசி மேட்சுக்கு இரண்டு மேட்ச் முன்னாலேயே கிளப் தப்பித்துவிட்டது. ஊர்க்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கி அவனைத் தோளில் தூக்கினார்கள். நான் இங்கே போன வருடம் பட்ட சந்தோஷத்தை நினைத்துக்கொண்டேன், கை தட்டவில்லை.

போன வாரம் மைத்துனன் ஸ்கூட்டரில் வந்தான். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

"தம்பி பேசுனான் அத்தான். அக்காவோட தலைத் தெவசத்துக்கு வர்றானாம்."

"வரட்டும், வரட்டும்" என்றேன். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. "என்னைக்கு எறங்குறான்? வண்டி நான் ஏற்பாடு பண்ணவா?"

"வேணாம். எங்க வீட்லதான் தங்குறான்."

காரைக்காலில் மைத்துனன் வீடு. அம்மா பிறந்த வீடு, மாமன் வீடு. தங்கினால் என்ன குறை? அப்படித்தான் சொன்னேன். "ஆத்தங்கரையில ஐயரு எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்காரு? நான் வெள்ளனவே வந்துடுறேன்" என்றேன்.

மைத்துனன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"நீங்க வர வேணாங்கறான் அத்தான். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அம்மாவுக்கு நான் மட்டும் தனியாக் குடுக்கணும், அப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க மாமான்னுதான் மொதல்ல சொன்னான். அப்புறம் செத்த நேரம் கழிச்சு அவனே மறுபடி கூப்பிட்டு, எல்லாம் முடிஞ்சதும் அப்பாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்னான்."

சமையலறையில் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மூடிவிட்டு வந்தேன்.

"எத்தன மணிக்கு முடியும்?" என்றேன்.

"பதினோரு மணி ஆயிடும்னு நெனக்கிறேன்."

"சரி" என்றேன். "வீட்லதான் இருப்பேன்னு சொல்லு."